இரவல் கோல்காவலர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிதிருத்தும் கடையில், கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. மாநிலக் காற்பந்துக் குழு அடுத்த பருவத்துக்கு வெளி ஆட்களை இரவல் வாங்கலாமா கூடாதா என்று கடைக்காரருக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் வாய்ச்சண்டை. “இரவல் ஆளு எடுத்தா என்ன ஆகும்னு தம்புசாமிகிட்ட கேளு லா” என்றார் ஒருவர். கடையே சிரித்தது. மூலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முடி வெட்டிக்கொள்ளாமலேயே எழுந்து போனார்.

அவர்தான் தம்புசாமியாம். பத்து வருடத்துக்கு முந்திய ஒரு காற்பந்தாட்டம் இன்னும் ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்புகிறதென்றால் சும்மா விட முடியுமா? விசாரித்தேன். கொஞ்சம் கிடைத்தது, மிச்சத்தை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள்.

(இனி அவரை ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். கதையில் அவருக்கு முப்பத்தைந்து வயது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

2

தொடக்கம் ஒன்று: “1982. ரயில்வே குடியிருப்பின் மேல் கருமேகங்கள் திரண்டு…”

வேண்டாம். எழுத்தாளனுக்குச் சொல்ல ஒன்றுமில்லாதபோதுதான் கதையில் மழை பெய்யும்.

தொடக்கம் இரண்டு: “தம்புசாமிக்குக் காற்பந்து என்றால் உயிர். கட்டின மனைவியைக்கூட அவன்…”

இதுவும் வேண்டாம். அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. தங்கைக்கு முடித்து வைத்துவிட்டுத் தனக்குப் பார்க்க மறந்துபோனவன்.

தொடக்கம் மூன்று: தம்புசாமியின் தங்கை தனலெட்சுமியைக் கட்டியவன் வேலாயுதம், பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் குழுவின் கோல்காவலன்.

இது நிற்கும். இதிலேயே வில்லங்கமும் இருக்கிறது.

3

குழுவின் ரசிகர்கள் கூடுவது புஷ்பவல்லி அக்காவின் ஒட்டுக்கடையில். மேசை நாற்காலியோடு தெருவோரம் போட்ட சின்னக் கடைதான். ஆனாலும் யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஓட்டுப் போடும் முறையும் அந்தக் கடைக்கே உரியது: எதிர்ப்பவர்கள் தேநீர்க் கிளாஸைக் கவிழ்த்து வைக்க வேண்டும், ஒப்புக்கொள்பவர்கள் நிமிர்த்தியே வைக்கலாம். “குடிச்சு முடிச்சிட்டுக் கவுத்துங்கடா, மேசையெல்லாம் தே” என்று அக்கா ஒவ்வொரு முறையும் கத்துவார்.

அன்றைய விவகாரம், கிள்ளான் நட்சத்திரக் குழுவின் கோல்காவலன் பழனியப்பன். அவனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிட்டது. வேலை முடிந்து பேருந்து பிடித்துக் கிள்ளானுக்குப் பயிற்சிக்குப் போக முடியவில்லை. ஒரு பருவத்துக்கு இரவல் தருகிறோம் என்று கிள்ளான்காரர்களே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நாகையா, கூட்டத்தில் மூத்தவர், முதலிலேயே முறுக்கிக்கொண்டார். “இரவல் ஆளு ஒரு சீசன் நிப்பான். கப்பைத் தூக்குவான். அடுத்த வருசம் நமக்கே எதிரா வந்து நிப்பான். நமக்கு என்னடா மிஞ்சும்?”

“கப்பு மிஞ்சும் லா அண்ணே” என்றான் தம்புசாமி. “யோசிச்சுப் பாருங்க. பழனியப்பனை எடுத்தா நமக்கும் கீப்பர் வந்தான், அவனுங்களுக்கும் கீப்பர் போனான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

குழுச் செயலாளர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு கண்டிஷன் இருக்கு. தங்களோட ஆடேக்க பழனியப்பன் நிக்கக் கூடாதாம். நானும் கை குடுத்திட்டன். கிள்ளான்காரர் எப்ப அரையிறுதிக்கு வந்தவங்கள்?”

எல்லோரும் சிரித்தார்கள். தம்புசாமியின் சிரிப்புதான் பெரிது.

அடுத்த மேசையில் வேலாயுதம் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான். ஆட்டக்காரர்களுக்கு ஓட்டில்லை, ஆனால் உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. நாகையா டக்கென்று கிளாஸைக் கவிழ்த்தார். இன்னும் இரண்டு பேர் கவிழ்த்தார்கள். வேலாயுதம் மச்சானின் கிளாஸைப் பார்த்தான்.

அது நிமிர்ந்தே இருந்தது.

4

இங்கே ஒரு தவறைச் செய்தேன், பிறகு அழித்தேன். முதல் பிரதியில் வேலாயுதத்தைக் குடிகாரனாக்கியிருந்தேன். அப்படி எழுதினால் தம்புசாமி செய்தது நியாயமாகிவிடும், எனக்கும் வேலை சுலபம். முடிதிருத்துபவரிடம் வாசித்துக் காட்டியபோது கத்திரிக்கோலை அப்படியே நிறுத்திவிட்டார். “அந்த மனுசன் தண்ணியைத் தொட்டதே இல்ல சார்.”

சரி. உள்ளதைச் சொல்கிறேன். வேலாயுதம் லோரி ஓட்டுகிறவன், ஒழுங்கானவன், வயதாகிவிட்ட நல்ல கோல்காவலன். காற்பந்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. உயரப் பந்துக்கு அவன் எழும்புவதற்குள் பந்து வலைக்குள் போய்விடுகிறது. தம்புசாமி அதைக் கண்ணால் பார்த்தவன். உறவுக்காகக் கண்ணை மூடிக்கொள்ள அவனால் முடியவில்லை.

(இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களை நாம் கேலி செய்வதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கழுத்து வெறிச்சென்று இருக்குமே, அது அவர்கள் பாடு. இந்த இடத்தில் இரவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.)

முதல் ஆட்டத்துக்கு வேலாயுதம் வந்தான். மாற்று ஆட்டக்காரனுக்குரிய சட்டையோடு ஓரத்தில் உட்கார்ந்தான். பழனியப்பன் ஒரு பந்தைப் பாய்ந்து தட்டியபோது முதலில் கைதட்டியவன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஞாயிறு தவறாமல் செந்தூலில் தங்கை வீட்டில் பசியாறுகிற தம்புசாமிக்கும் ஞாயிறுதோறும் ஏதோ வேலை வந்துவிட்டது. அவனுக்கு வெட்கம். வேறொன்றுமில்லை.

5

பழனியப்பன் கோலே விடவில்லை. குழு அரையிறுதிக்குப் போனது. எதிரில் யார் என்று ஊகித்திருப்பீர்கள். ஊகிக்காதவர்களுக்கு: கிள்ளான் நட்சத்திரம்.

தம்புசாமியின் கணக்கு பிசகிய இடம் இதுதான். நல்ல கோல்காவலன் பின்னால் இல்லை என்று தெரிந்ததும், கிள்ளான் தடுப்பாட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் பழனியப்பன் பார்த்துக்கொள்வான் என்று நின்றவர்களாம்.

“அண்ணே, நான் நிக்க மாட்டேன்” என்றான் பழனியப்பன். “சொன்ன சொல்லு சொல்லுதான். அங்கதான் எங்கம்மா இருக்காங்க, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவேன்?”

வீரசிங்கம் தம்புசாமியைப் பார்த்தார். நாகையாவும் பார்த்தார். “நீதானே ரெண்டு மாங்கா அடிச்ச? போ. உன் மச்சான்தானே.”

6

செந்தூல் அடுக்குமாடி வீட்டில் தனலெட்சுமிதான் கதவைத் திறந்தாள். “வழி தெரிஞ்சுதாண்ணே?” என்றாள். அது வரவேற்பா குத்தலா என்று தம்புசாமிக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

வேலாயுதம் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். கோபமாகப் பேச வைக்கலாமா என்று யோசித்தேன். வசனம்கூட… இல்லை. அவன் கோபப்படவில்லை.

“பசியாறியாச்சா மச்சான்?”

“ஆச்சு… இல்ல, ஆகல.” தம்புசாமி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். “மச்சான், சனிக்கிழமை கிள்ளானோட மேட்ச். பழனியப்பன் நிக்க முடியாது. நீ வரணும். குழு கேக்குது.”

“குழு கேக்குது. நீ?”

“நானும்தான்.”

வேலாயுதம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். இரண்டு விரல்கள் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்தவை. சமையலறை வாசலில் தனலெட்சுமி கரண்டியோடு நின்றாள்.

“நிக்கிறேன்” என்றான். “அதுல ஒண்ணுமில்ல. ஒண்ணு மட்டும் சொல்லு மச்சான். சனிக்கிழமை நான் நின்னு நாம ஜெயிச்சிட்டோம்னு வெச்சிக்க. பைனல்ல யாரு நிப்பா?”

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வேலாயுதம் பெனால்டியைத் தடுத்து, எல்லோரும் அவனைத் தோளில் தூக்கினார்கள். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் ஐந்து கோல் விட்டான். தீபாவளிக்குத் தம்புசாமி செந்தூல் பக்கமே போகவில்லை. மூன்றாவதில் அந்தச் சனிக்கிழமை… அதை விடுங்கள். சனிக்கிழமை என்ன நடந்தது என்று கடையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அந்தக் கேள்விக்குத் தம்புசாமி என்ன சொன்னான் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

‘பழனியப்பன்’ என்று சொன்னால் அது உண்மை. வேலாயுதம் எழுந்து போய்விடலாம், தங்கை வீட்டுக் கதவு மூடிவிடலாம். ‘நீதான்’ என்று சொன்னால் மூவரும் நிம்மதியாகச் சாப்பிட உட்காரலாம், சனிக்கிழமை வரைக்கும். பதில் சொல்லாமல் இருந்தால் அதுவும் ஒரு பதில், வேலாயுதத்துக்கு அது புரியும்.

நான் இத்தோடு எழுந்துகொள்கிறேன். தம்புசாமியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பழனியப்பன் நன்றாகப் பிடிக்கிறான் என்று உங்களுக்கும் தெரியும். கப்பு உங்களுக்கும் வேண்டும். எதிரே உங்கள் மச்சான் காத்திருக்கிறான். வாசலில் நிற்கும் உங்கள் தங்கை இன்னும் சோறு போடவில்லை.

சொல்லுங்கள். பைனலில் யார்?