அடுப்புக்கு மேல் ஓர் அறை

ஜோவெலின் அப்ரேராவும் ரோனெலும் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில், தங்கைக்கு முடியட்டும் என்றான் அவன். பிறகு, வேலை நிரந்தரமாகட்டும் என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, "இதோட போதும்னு நினைக்கிறேன், ஜோவி" என்றான்.

எது போதும் என்று அவள் கேட்கவில்லை. கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"இருந்தாலாவது கேக்கறவங்களுக்கு ஒரு காரணம் சொல்லலாம்."

வாடகை ஒப்பந்தம் அவன் பேரில் இருந்தது. வீட்டுக்காரர் அவனுடைய சித்தப்பாவுக்கு வேண்டியவர். அதனால் யார் வெளியேறுவது என்ற கேள்வியே எழவில்லை. "அவசரமே இல்ல. மே கடைசி வரைக்கும் இரு. நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றான். அவள் சரி என்றாள். அன்று இரவிலிருந்து அவன் சோபாவில் படுத்தான். சோபா அவன் உயரத்துக்குப் போதாது. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கேசோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்துக்கு முடியும் ஷிப்ட். காலை நேரம் சும்மாதான் இருந்தது. அந்த நேரத்தில் வீடு தேடினாள்.

முதலில் பார்த்தது மண்டாலுயோங் பகுதியில், முப்பத்தோராவது மாடியில். ஒரே அறைதான், கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கும். காட்ட வந்த ஏஜெண்ட் வாசனைத் திரவியத்தை அளவில்லாமல் போட்டிருந்தான்.

"சமைக்க இடம் எங்க?" என்று கேட்டாள்.

"தனியா இருக்கறவங்க யார் மேடம் சமைக்கிறாங்க? கீழ பன்னிரண்டு கடை இருக்கு."

"கருவாடு பொரிச்சா?"

"அது மட்டும் வேண்டாம் மேடம். லிப்ட் வரைக்கும் வாசனை போகும். அபராதம் போடுவாங்க."

வாடகை அவள் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவள் நன்றி சொல்லிவிட்டு லிப்டுக்கு நடந்தாள்.

அடுத்தது பெண்களுக்கான தங்கும் விடுதி. ஓர் அறையில் ஆறு படுக்கை, மேலும் கீழுமாக. நடத்துபவள் கழுத்தில் சாவிக்கொத்தை மாட்டியிருந்தாள்.

"ராத்திரி பத்து மணிக்குக் கதவைப் பூட்டிடுவேன். யாருக்காகவும் திறக்க மாட்டேன்."

"எனக்கு வேலையே பத்து மணிக்குத்தான் முடியும்."

"பத்து மணிக்கு முடியற வேலையா? அது என்ன வேலை?"

"எக்ஸ்ரே எடுக்கறேன். எலும்பு பகல்ல மட்டும்தான் உடையணும்னு யாரும் சட்டம் போடலையே."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. மேல்படுக்கையிலிருந்து மட்டும் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்த இடமும் போயிற்று.

மூன்றாவது இடம் ஆற்றங்கரைத் தெருவில், தரைத்தளம். மலிவு. சமையலறை தனி. சுவரில் இடுப்பளவுக்குக் காவி நிறமும் அதற்கு மேல் வெள்ளையும் அடித்திருந்தார்கள். ஜோவெலின் இரண்டு நிறமும் சேரும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். பூச்சு உள்ளே போயிற்று.

"தண்ணி இதுவரைக்கும் வருமா?" என்றாள்.

"அது டிசைன்மா" என்றார் வீட்டுக்காரர்.

"எதிர் வீட்டுலயும் இதே டிசைன் இதே உயரத்துலதான் இருக்கு."

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே ரசனை" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

ஏப்ரல் பாதி இப்படியே போயிற்று. ஆஸ்பத்திரியில் யாரிடமும் அவள் எதுவும் சொல்லவில்லை. இலோய்லோவில் இருக்கும் அக்கா மட்டும் போனில், "ஊருக்கு வந்துடேன், இங்க ரூம் சும்மாதானே கிடக்கு" என்றாள். அங்கே எக்ஸ்ரே வேலைக்கு இங்கே வாங்குவதில் பாதிகூடக் கிடைக்காது. அதைத்தான் காரணமாகச் சொன்னாள். ஒன்பது வருஷம் கழித்துப் பெட்டியோடு போய் அக்கா வீட்டு வாசலில் நிற்க முடியாது என்பதைச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மணிக்கட்டு வீங்கிப்போய் டோமிங் என்பவர் எக்ஸ்ரேவுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், கமுனிங் பகுதியில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை. மாவு மூட்டையோடு படியில் சறுக்கி விழுந்துவிட்டார். அவள் அவர் கையை எக்ஸ்ரே தட்டில் வைத்து, "அசையாம வச்சிருங்க அண்ணே" என்று சொன்னபோது, பேச்சை நிறுத்தினால் வலிக்கும் என்பதுபோல் அவர் பேசிக்கொண்டே இருந்தார். கடைக்கு மேலே முதலாளியம்மாவின் அறை ஒன்று காலியாகக் கிடக்கிறது, ஒருத்தரும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை என்றார்.

"ஏன் நிக்கல?"

"அடுப்புக்கு நேர் மேல இருக்கும்மா. விடியக்காலை ரெண்டு மணிக்கு அடுப்பு மூட்டுவோம். ரொட்டியோட ரொட்டியா நீங்களும் வெந்துடுவீங்க."

"வாடகை எவ்வளவு அண்ணே?"

அவர் சொன்னார். படம் எடுப்பதற்கு முன்னால் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை போனாள். முதலாளியம்மாவின் பெயர் கொன்செப்சியோன். எல்லோருக்கும் கோன்சிங் அத்தை. அறுபதைத் தாண்டிய, குட்டையான, வேகமாக நடக்கிற மனுஷி. செங்குத்தான மரப்படியில் முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்தாள். அறை பெரியது. தெருப்பக்கம் இரண்டு ஜன்னல். மூலையில் சமைக்க மேடை, தனிக் குளியலறை. தரை வெதுவெதுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றியதும் ஜோவெலினுக்குத் தெரிந்தது.

"மறைச்சுப் பேசறவ இல்ல நான்" என்றாள் கோன்சிங். "சூடு இருக்கும். மாவு பிசையற மெஷின் சத்தம் இருக்கும். இப்ப நீ சொல்லு. புருஷன்?"

"இல்ல அத்தை. ஒருத்தரோட ஒன்பது வருஷம் இருந்தேன். பிரிஞ்சுட்டோம்."

"இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுக்காரர் நம்பர் குடு. நான் விசாரிக்காம யாருக்கும் சாவி தர்றதில்ல."

"ஒப்பந்தம் அவர் பேர்ல. வீட்டுக்காரர் என்னை ரெண்டு தடவைதான் பார்த்திருக்கார்."

கோன்சிங் தன் போனை எடுத்தாள். "அப்ப அவனையே கேக்கறேன். வீட்டுக்காரனுக்கு வாடகை வந்துதா வரலையான்னு மட்டும்தான் தெரியும்."

ஜோவெலின் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. மே கடைசிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நம்பரைச் சொன்னாள். கோன்சிங் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரோனெல் எடுத்தான். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"உன்கூட இருந்த பொண்ணு என் ரூமைக் கேக்குது. பணம் ஒழுங்கா கட்டுமா?"

வாயிலிருந்ததை விழுங்கினான். "கட்டுவாங்க. நான் மறந்தாலும் அவங்க மறக்க மாட்டாங்க."

"குடிக்குமா?"

"இல்ல."

"ஆம்பளைங்க வந்து போவாங்களா?"

"இத்தனை வருஷமா நான் ஒருத்தன்தான் வந்து போனேன்."

"அப்புறம் ஏன் பிரிஞ்சீங்க?"

ஜோவெலின் போனை எடுக்கக் கையை நீட்டினாள். கோன்சிங் அந்தக் கையை லேசாகத் தட்டிவிட்டாள். மறுமுனையில் தெருவில் ஒரு ஜீப்னி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அவங்க மேல குறை சொல்றதுக்கில்லீங்க" என்றான் ரோனெல். "அவங்க ஒரு விஷயத்தைப் பிடிச்சா விட மாட்டாங்க. குழாய் சொட்டுதுன்னா, சரி பண்ற வரைக்கும் தினமும் சொல்லுவாங்க. நான் எதையும் அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடறவன். ஒரு கட்டத்துல அவங்க சொல்றதை நிறுத்திட்டாங்க. அது எனக்கு வசதியா இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்லாம போச்சு."

ஜோவெலின் நின்ற இடத்திலேயே நின்றாள். மார்ச் மாதத்திலிருந்து அவன் அவளிடம் பேசியதெல்லாம் கேஸ், சாவி, துவைத்த துணி இவற்றைப் பற்றித்தான். முகம் தெரியாத ஒருத்திக்கு இரண்டு நிமிஷத்தில் முழுவதையும் சொல்லிவிட்டான். யாரோ வேறொருத்தியின் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் அவள் அதைக் கேட்டாள். உடைந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

கோன்சிங் போனை வைத்தாள்.

"போன தடவை இருந்தவ நல்லவ. வாயே திறக்க மாட்டா. பாத்ரூம் குழாய் ரெண்டு மாசம் ஒழுகிச்சு, சொல்லவே இல்ல. கீழ மாவு அண்டாவுல சொட்டி, ஒரு நாள் சரக்கு முழுக்கக் கொட்டினேன். எனக்குக் குறை சொல்ற ஆள்தான் வேணும். எப்ப வர்ற?"

"ஜன்னல் கொக்கி ரெண்டும் உடைஞ்சிருக்கு அத்தை" என்றாள் ஜோவெலின்.

"பாத்தியா" என்றாள் கோன்சிங், யாரிடமோ சொல்வதுபோல.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை சாமான்களை மாற்றினாள். வர வேண்டாம் என்று சொல்லியும் ரோனெல் வந்தான். மெத்தையைத் தோளில் சுமந்து ரொட்டிக்கடை வாசலில் நின்றபோது, கல்லாவிலிருந்து கோன்சிங் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவன்தானா?"

"இவர்தான்."

"போன்ல இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தான்."

டோமிங் கட்டுப்போட்ட கையோடு சிரித்தார். ரோனெலும் சிரித்தான். மெத்தையை மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தான்.

"சுடுது ஜோவி."

"தெரியும்."

"இதுல எப்படிப் படுப்ப?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

போனில் பேசியதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பத்திரமா இரு என்று சொல்லிவிட்டுப் படியில் பக்கவாட்டாகக் காலை வைத்து இறங்கிப் போனான். அவள் மெத்தையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் போல அழுதாள். பிறகு முகத்தைக் கழுவி, சீருடையை மாட்டிக்கொண்டு இரண்டு மணி ஷிப்டுக்குப் போனாள்.

மே மாதம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. பத்தரைக்கு வந்து படுத்தால் இரண்டு மணிக்கு மெஷின் உறுமும். மூன்று மணிக்குத் தரை கொதிக்கும். மரப்பலகைமேல் மெத்தையைப் போட்டுப் பார்த்தாள். ஜன்னலோரம் இழுத்துப் பார்த்தாள். ஈரத் துணி விரித்தும் பார்த்தாள். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஒருவருடைய இடது காலுக்குப் பதிலாக வலது காலைப் படம் எடுக்கப் போய், அவரே "இது நல்ல கால்மா" என்று சொன்னபோது, இது சரிப்படாது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், இரவு ஷிப்டை நிரந்தரமாகத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நெஜமாவா? அந்த ஷிப்டுக்கு ஆள் பிடிக்க நான் மாசா மாசம் கெஞ்சிக்கிட்டிருக்கேன். வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"வீட்டுக்குத் தோதாத்தான் கேக்கறேன்" என்றாள்.

ஜூனில் மாறினாள். இரவுப்படி கொஞ்சம் கூடுதலாக வந்தது. காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும்போது ரொட்டிக்கு வரிசை தெருமுனை வரை நிற்கும். மாடிக்குப் போகிறவள் என்று தெரிந்தவர்கள் ஒதுங்குவார்கள். தெரியாதவர்கள் வரிசையில் நுழைகிறாள் என்று முணுமுணுப்பார்கள். எட்டு மணிக்கு அடுப்பு அணையும். மாலைச் சரக்குக்கு மறுபடி மூட்டுவது மூன்று மணிக்கு. இடையில் தரை மெல்ல மெல்ல ஆறும்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைத் தெருவில் வெள்ளம் என்று எதிர்க்கடை ரேடியோவில் சொன்னார்கள். அவள் திரையை இழுத்துவிட்டு, ஏழு மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.