பஃபருக்குள் அடங்காத பாதை

"சரி, கோப்போட பாதை உன் பஃபருக்குள்ள அடங்கலைன்னா?" என்று கேட்டான் கண்ணாடி. அவன் கண்ணாடி போடாதவன். யார் எழுதிய புரோகிராமிலும் ஓட்டையைப் பார்த்துவிடுவான் என்பதால் ஆபீஸில் அந்தப் பட்டப்பெயர்.

"அதெல்லாம் அடங்கும். இருநூத்தம்பத்தாறு எழுத்துக்கு இடம் விட்டிருக்கேன். அவ்ளோ நீளமா எவன் ஃபோல்டர் வைப்பான்?" என்றாள் சுண்டு.

"உன் வாய் நீளத்துக்கு அது பத்தாது. அடங்கலைன்னா கெர்னல் என்ன தரும்?"

"பிழை எண்ணு."

"அதை உன் வரி என்ன பண்ணும்?"

சுண்டு தன் வரியைத் திரையில் திறந்து பார்த்தாள். எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது என்று அச்சடிக்க, சர்வரையே இயக்கும் மையப் புரோகிராமான கெர்னலுக்குள் அவள் சேர்த்த பிழைதேடும் வரி அது. பாதைக்குப் பதில் பிழை எண் வந்தால், அதையே விலாசமென்று நம்பிப் படிக்கப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. மொத்த சர்வரும் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும்.

அந்த வரி இன்று காலைதான் ஆஸ்பத்திரி சர்வரில் ஏறியிருந்தது. ஒவ்வொரு படுக்கையின் அலாரமும் அதன் வழியாகத்தான் நர்ஸுகளுக்குப் போகும். அங்கே நாற்பது நாளாகப் படுத்திருப்பவர் அவள் அக்கா புருஷன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம். நோயாளியை வார்டு மாற்றினால், பழைய ஃபோல்டரை அப்படியே தூக்கிப் புது வார்டு ஃபோல்டருக்குள் போட்டுவிடுவார்கள். மாமா எட்டு முறை மாறியவர். அந்த வரி அச்சடித்த பதிவில் அவருடைய பாதையின் எழுத்துகளை எண்ணினாள். இருநூற்று முப்பத்தொன்பது. இன்னொரு வார்டைத் தாங்காது.

அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"உனக்கு நூறு வயசுடி. மாமாவ வேற வார்டுக்கு மாத்தறாங்க. லிஃப்ட்டுகிட்ட நிக்கிறோம்."

"அக்கா, நர்ஸ்கிட்ட கம்ப்யூட்டர்ல எதையும் மாத்த வேணாம்னு சொல்லு. பத்தே நிமிஷம்."

"அங்க பன்னெண்டு படுக்கைக்கு ஒரே நர்ஸாம், அலாரத்தை நம்பித்தான் அனுப்பறேன். நீ ஏன்டி பேயறைஞ்ச மாதிரி பேசற?"

பக்கத்தில் கண்ணாடி, ஆஸ்பத்திரி சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு மூன்றாம் முறையாக அடித்துக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை. நாலாம் முறைதான் எடுத்தார்.

"சார், அந்தப் பிழைதேடற பதிவை உடனே அணைங்க," என்று கண்ணாடி சொல்வது கேட்டது.

அதே நொடியில் அக்கா, "நர்ஸம்மா மாத்த ஆரம்பிச்சிட்டாங்களாம்டி" என்றாள்.

சுண்டு ஃபோனைக் காதோடு அழுத்தினாள். சக்கரம் உருளும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். அப்புறம் மெல்ல, பீப்... பீப்...

கண்ணாடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "நர்ஸ் மாத்தி முடிக்கறதுக்கு அரை நிமிஷம் முன்னாடி அணைச்சிருக்கார். போய் அந்த ரெண்டு வரியை எழுது. பிழை எண்ணு வந்தா 'பாதை நீளம்'னு அச்சடிச்சிட்டு நகரட்டும்."

"என்னடி ஆச்சு? எவன் பண்ண கூத்து இது?" என்று கேட்டாள் அக்கா.

சுண்டு அந்த ரெண்டு வரியை எழுதத் திரைப்பக்கம் திரும்பினாள். அக்கா இன்றைக்குத்தான் அந்த அலாரத்தை நம்பி நிம்மதியாகத் தூங்கப் போகிறாள். சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லியிருப்பீர்களா?