கிதியோன் கண்ணாடி போட்ட நாள்

கிளிப்டால் பள்ளத்தாக்கில் ஆட்டுச் சொறியே கிடையாது. அரசாங்கமே அப்படிச் சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? அரசாங்கம் என்றால் அங்கே ஆட்டு இன்ஸ்பெக்டர் கிதியோன் டெர்பிளான்ஷ். கேப் காலனியில் சொறிச் சட்டம் வந்தபோது, அந்தந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் கைகாட்டும் ஆளையே வேலைக்குப் போட்டார்கள். கிளிப்டால்காரர்கள் கூடிப் பேசி, நெருப்புக்கோழி வளர்த்து நொடித்துப்போன கிதியோனைக் கைகாட்டினார்கள். நல்ல மனுஷன். யார் மனதையும் நோகடிக்க மாட்டார், காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தடிக்கு அப்பால் அவருக்கு ஆடும் புதரும் ஒன்றுதான்.

அவரை முன்மொழிந்தவர் அவருடைய அக்காள் புருஷன் லோரன்ஸ் வெர்மாக். பள்ளத்தாக்கில் வற்றாத ஒரே ஊற்று வெர்மாக்குடையது. ஆகவே எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தையும் அவருடையது. சொறி ஒட்டுவதில்லை, ஆடு இளைத்தால் தானாக வரும், மழை பெய்தால் தானாகப் போகும், ஆட்டை மருந்தில் முக்குவது கர்த்தருடைய வேலையில் கை வைப்பது என்று ஞாயிறு தவறாமல் கோயில் வாசலில் சொல்வார். அப்படிப்பட்டவர், கடல் கடந்து வரவழைத்த இரண்டு கிடாக்களை மட்டும் ஊற்றங்கரைப் புல்லில் முள்வேலிக்குள் வைத்து, தம்முடைய சொந்த ஆட்டைக்கூட அண்டவிடாமல் காத்துவந்தார். ஏன் என்று கேட்டால், அவை கூச்ச சுபாவம் உள்ளவை என்பார்.

ஹெஸ்டர் லாட்டகன் ஒருத்திதான் ஆடுகளை முக்கினாள். கணவன் செத்த வருஷமே கல்லால் ஒரு நீளத் தொட்டி கட்டி, சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சி ஊற்றி, ஒவ்வோர் ஆட்டையும் தலை நனைய நீந்தவிட்டாள். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் சோதனைக் காலம் வந்தால் சிரித்தவர்களுக்கெல்லாம் அவள் மந்தை வேண்டியிருந்தது.

கிதியோன் ஒரு பண்ணையில் காபி குடித்து, கறிச்சோறு சாப்பிட்டு, உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்து எழுவதற்குள், ஹெஸ்டரின் மந்தை குன்றைத் தாண்டி அடுத்த பண்ணையின் பட்டியில் போய் நிற்கும். அந்தப் பண்ணையின் சொறி ஆடுகள் மலையிடுக்கில் ஒளிந்துகொள்ளும். வெர்மாக் பண்ணை உட்பட, பள்ளத்தாக்கின் மற்ற நாலு பண்ணையிலும் கிதியோன் பார்ப்பது இந்த ஒரே மந்தையைத்தான்.

மந்தைக்கு முன்னால் போவது ஒரு மெரினோ கிடா. கழுத்து மடிப்புகள் தொங்க, உலகத்தின் பாவத்தையெல்லாம் சுமப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருப்பதால் அதற்கு உபதேசியார் என்று பெயர். இடது கொம்பு பாதியில் முறிந்தது. உபதேசியாருக்குப் புகையிலை என்றால் உயிர். எந்தப் பட்டியில் நின்றாலும் கிதியோனின் வாசனை பட்டதும் நேரே வந்து அவருடைய கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைக்கும். அவரும் முறிந்த கொம்பைத் தடவிக்கொண்டே ஒரு துண்டு கொடுப்பார். தம்மேல் இந்த வட்டாரத்துக் கிடாக்களுக்கெல்லாம் தனி மரியாதை என்று அவருக்கு ஒரே பெருமை. கிளிப்டால் கிடாக்களுக்கு இடது கொம்பு முறிவது வாடிக்கை என்று போன வருஷம் மேலிடத்துக்கு எழுதிக்கூட அனுப்பினார். மேலதிகாரி பதில் எழுதவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடி அனுப்பிவைத்தார்.

ஹெஸ்டர் ஏன் மந்தையைக் கொடுத்தாள்? இரண்டு வருஷமாக மழையில்லை. அவள் கிணறு வறண்டு, ஆடுகள் வெர்மாக்கின் ஊற்றில்தான் குடித்தன. கொடுக்காவிட்டால் தண்ணீர் கிடையாது என்று வெர்மாக் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணிக்கு என்ன தங்கச்சி, அக்கம்பக்கம் எதுக்கு இருக்கு என்று மட்டும் சொல்வார்.  அவளும் மந்தையை ஓட்டிவிடுவாள்.

இந்த வருஷம் மேய்ச்சலும் தீர்ந்துபோயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி பண்ணையில் மழை பெய்து புல் நின்றது. ஆடுகளை அங்கே ஓட்டினால் பிழைக்கும். ஓட்டாவிட்டால் மாதக் கடைசிக்குள் தோல்தான் மிஞ்சும். ஓட்டிப்போக, மந்தையில் சொறி இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதித் தரும் பாஸ் வேண்டும்.

நாலு பண்ணையும் சுற்றிவிட்டு மந்தை திரும்பி வந்தது. ஒரு பெட்டையாடு கல்சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஹெஸ்டர் அதன் ரோமத்தை விலக்கிப் பார்த்தாள். அடியில் மஞ்சள் பொருக்கு. அடுத்த ஆட்டிலும் அதே. அத்தனை வருஷம் காத்த மந்தை, நாலு வீட்டு மானத்தைக் காப்பாற்றப் போய், அந்த நாலு வீட்டுச் சொறியையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தது. முக்கலாம் என்றால் தொட்டி காய்ந்து கிடந்தது. ஊற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் என்பது வெர்மாக்கின் கண்டிப்பு. அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கிதியோன், அன்று காலைதான் தபாலில் வந்துசேர்ந்த புதுக் கண்ணாடியோடு வந்தார். கூடவே, பக்கத்துவீட்டு அக்கறையோடு வெர்மாக்கும் வந்தார். வழியெல்லாம் கிதியோன் உயரத்தில் பறந்த பருந்தைக் காட்டி வியந்திருக்கிறார். தம் குதிரைக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா என்று வருத்தப்பட்டிருக்கிறார். பட்டிக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

“அக்கா, இது சொறி. அசல் சொறி. படத்துல போட்டிருக்கிற மாதிரியே இருக்கு.”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் கண்டுபிடித்த முதல் சொறி அது. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்து, பாஸ் கொடுக்க வழியில்லை, மந்தை பட்டியை விட்டு நகரக்கூடாது என்று மெல்லிய குரலில் சொன்னார். வெர்மாக் உச்சுக்கொட்டினார். எல்லாம் அந்த மருந்துத் தண்ணீரால் வந்த வினை என்றும், தாம் அன்றைக்கே சொன்னதாகவும் நினைவூட்டினார்.

அப்போது உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கோட்டுப் பையில் மூக்கை நுழைத்தது. கிதியோன் மனம் குளிர்ந்துபோனார்.

“பாத்தீங்களா அக்கா, உங்க கிடாவும் என்னைத் தேடி வருது.”

“தம்பி, கண்ணாடியக் கழட்டு. கண்ண மூடிக்கிட்டு கொம்பத் தொட்டுப் பாரு.”

கிதியோன் கண்ணை மூடித் தொட்டார். முறிந்த கொம்பின் விளிம்பில் விரல் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது; மறுபடி போயிற்று. பெருமை அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை ஹெஸ்டர் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

“எல்லாம் ஒரே கிடாவா?”

“ஒரே கிடா, ஒரே மந்தை. உங்க அத்தானக் கேளு.”

அத்தான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிதியோன் விரல்விட்டு எண்ணினார். நாலு பண்ணைக்கும் கொடுத்த நற்சாட்சியைத் திரும்ப வாங்கினால் வேலை போகும், அக்காள் வீட்டுச் சாப்பாடும் போகும். கடைசியில் ஒரு வழி பிறந்தது.

“இந்த மந்தை நாலு எடத்துல சுத்தம்னு நானே சொல்லியிருக்கேன். ஒரு எடத்துலதான் சொறி. சபையிலயும் பெரும்பான்மைதான முடிவு?”

அங்கேயே குந்தி பாஸை எழுதிக் கொடுத்துவிட்டார். வெர்மாக் பெருமூச்சு விட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்.

ஹெஸ்டர் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தம்பியின் பட்டியில் விடவா? தனக்குச் செய்ததை அவனுக்குத் தான் செய்யவா? அவள் வெர்மாக் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, பாஸ் உள்ள மந்தை வழியில எந்த ஊத்தங்கரையிலயும் ஒரு நாள் தங்கலாம்ல?”

தங்கலாம், அது பழைய உரிமை என்றார் வெர்மாக்.

“அப்ப நாளைக்கு உங்க ஊத்தங்கரைப் புல்லுலதான் தங்கல். வேலியத் தொறந்து வைங்க. உங்க கிடாவுங்களுக்கும் கூச்சம் தெளியும்.”

வெர்மாக்கின் தாடி அசைந்தது. 

“வேண்டாம் தங்கச்சி. ஒட்டிக்கும்.”

“என்னண்ணே?”

“சொறி ஒட்டிக்கும்னு சொன்னேன்.”

அப்படியானால் ஊற்றங்கரையில் தங்கவில்லை, அதற்குப் பதிலாகத் தொட்டி நிறைய ஊற்றுத் தண்ணீர், மருந்தில் இரண்டு முழுக்கு முடியும்வரை வைக்கோல், அதற்குப் பிறகு மலைப் பயணம் என்றாள் ஹெஸ்டர். வெர்மாக் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மதகைத் திறக்கத் தாமே போனார்.

கிதியோன் மட்டும் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“அந்த நாலு பண்ணைக்கும் இதப் போட்டுக்கிட்டு இன்னொரு தரம் போவியா தம்பி?” என்று கேட்டாள்.

அவர் அவள் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார்.

“காபி இருக்கா அக்கா?”

“இல்ல.”

உள்ளே அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, வாசனை பட்டிவரைக்கும் வந்தது. கிளிப்டாலில் ஒரு வீட்டில் கிதியோனுக்குக் காபி இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் இருக்கிற புகையிலையை உபதேசியாருக்குக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெர்மாக் பண்ணைப் பக்கம் குதிரையைத் திருப்பினார்.