தங்கபுஷ்பத்தின் கட்டைவிரல்

தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தாறு வயது. அவள் தோலுக்கு எழுபத்தொன்று. ராஜபாளையத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நூல் மில்லில் இருபது வருடம் இரவு ஷிப்ட் பார்த்தால் தோல் முந்திக்கொண்டு போகத்தான் செய்யும்.

அன்று பார்த்தா அது வினையாக வர வேண்டும்! மகள் சோபிகாவுக்கு வளைகாப்பு. அவர்கள் வழக்கப்படி முதல் வளையல் தாய் போடுவது. மண்டப வாசலில் இருந்த ரேகை மெஷின் அவள் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "இது பாட்டி. தாய் இன்னும் வரவில்லை" என்றது.

வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டு தோல் வயது அலுவலகத்துக்கு ஓடினாள்.

எழுத்தர் சங்கரபாகம் நிமிராமல் பேசினான். "தோலைக் காக்குற மெலடோனின் சுரக்கலம்மா. அது இருட்டுலதான் சுரக்கும். நீங்க இருபது வருசமா ராத்திரி இருட்டையே பாக்கல."

"அதுக்கு நான் என்னய்யா செய்ய?"

"நெல்லிக்காய் தின்னுங்க. அதுல ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு. காய்க்கு ஒரு வருசம் கழியும். அப்புறம் இருட்டறையில போய்த் தூங்குங்க."

இருபத்தைந்து காய் தின்றாள். பல் கூசியது. இருட்டறையில் நான்கு டியூப்லைட் எரிந்தன.

"லைட்டை அணைங்கய்யா."

"அணைச்சா நீங்க தூங்குறது எனக்கு எப்படித் தெரியும்?"

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தூங்குவதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னான். கண் அசந்தால் எழுப்பினான். வயிறு எரியுமா, எரியாதா? மூன்றாவது கையெழுத்துக்குள் அறை நீண்டு மில் அளவுக்கு வந்துவிட்டது. இப்போது நூறு டியூப்லைட்.

"நாசமாப் போற ஆபீசு! எம்பிள்ளைக்கு வளையல் போடணும்யா!"

"கோவப்பட்டா ரெண்டு வருசம் கூடும்" என்று எழுதிக்கொண்டான்.

அப்போது வயிற்றைப் பிடித்தபடி சோபிகாவே வந்து நின்றாள். "எம்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காக. இங்க என்ன பண்ற?"

சோபிகா மூச்சு வாங்க எழுத்தர் மேஜையில் கையை ஊன்றினாள். அவள் கட்டைவிரல் அங்கிருந்த ரேகை மெஷினில் பட்டது.

"தங்கபுஷ்பம். வயது நாற்பத்தாறு. தாய்" என்றது மெஷின்.

"அப்பாடா, சரியாப் போச்சு" என்று சங்கரபாகம் முத்திரை குத்தினான்.

தங்கபுஷ்பம் மகளின் கையைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் கை. தோல் நாற்பத்தாறு வயதுக்குச் சுருங்கியிருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வருசமாம்மா. அதே மில்லு, அதே ஷிப்டு."

"பகல் ஷிப்டுன்னுதானடி சொன்ன?"

"நிசத்தச் சொன்னா விடுவியா?"

தங்கபுஷ்பம் சுவரோரமாகப் போய் நூறு சுவிட்சையும் அணைத்தாள்.

"யாரு லைட்டை அணைச்சது?" சங்கரபாகம் இருட்டில் அலறினான். "பேரச் சொல்லுங்க, எழுதணும்!"

"மெஷினக் கேளு."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தடவித் தடவி மகளின் மணிக்கட்டைக் கண்டுபிடித்து முதல் வளையலைப் போட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூங்கு தாயி. எவன் வந்து எழுப்புறான்னு பாக்குறேன்."