உப்பில்லாத காளான்

சூறாவளி அடித்த மறுவருஷம் மாரி தொடங்கியதும், கல்முனைக்குடியில் விழுந்து கிடந்த தென்னங்குற்றிகளெல்லாம் காளான் பூத்தன. அவற்றை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து தங்கேஸ்வரி என்ற விரிவுரையாளர் வந்தார். தனியாளாய்க் கரை முழுக்கத் தேட முடியாது, ஊர்ச்சனம் உதவ வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பெண்களைக் கூட்டிச் சொன்னார். கண்ணில் படும் காளானைப் பிடுங்கி, கெட்டுப்போகாமல் காய வைத்துக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் கொண்டுவராத இனம் என்றால், கொண்டுவந்தவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் காளானோடு பல்கலைக்கழக அலுமாரியில் வைப்பார்கள். சமைக்கக் கூடாது என்றதற்கு மட்டும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

ஹாஜறாவின் காதில் பெயர் என்ற சொல் நின்றுவிட்டது. கருவாடு போடுவது அவள் தொழில். மீனைக் கீறுவதும் உப்பிடுவதும் கிடுகில் பரப்பிக் காகம் விரட்டுவதும் அவள்தான். சந்தையில் அதற்குப் பெயர் இப்றாஹிம் கருவாடு. இப்றாஹிம் அவள் புருஷன். சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விற்பவன்.

கிடுகுக்குப் பக்கத்துக் குற்றியில் அவளுக்கு ஒரு காளான் கிடைத்தது. இறால் நிறம். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மீனுக்குப் போலச் செவுள். வானமோ மூடிக் கிடந்தது. மாரியில் கெடாமல் காய வைக்க அவளுக்கு ஒரு வழிதான் தெரியும். கழுவினாள், கீறினாள், உப்பை அள்ளித் திணித்தாள்.

தங்கேஸ்வரி பொட்டலத்தைப் பிரித்துப் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு, அவளை நோகடிக்காமல் கேட்டார்.

"இதுக்கு உப்புப் போட்டனீங்களா?"

"ஓம் மிஸ். கொஞ்சம் கூடத்தான் போட்ட."

உப்பு காளானைச் சுருக்கிவிட்டது, இதை வைத்து இனம் சொல்ல முடியாது என்று தங்கேஸ்வரி விளக்கினார். அதே குற்றியில் ஒரு மொட்டு மிச்சமிருந்தது. அது விரிந்ததும் துணியில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடச் சொன்னார். உப்பு மட்டும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகவும், அதன்பின் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொல்லிப் போனார்.

மொட்டு விரிந்தது. ஹாஜறா பிடுங்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். துணி தேடிய கை, அவளைக் கேளாமலே உப்புச்சட்டிக்குள் போயிருந்தது. அவள் பயந்துபோனாள். காளானைப் பலகையில் வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு, இப்றாஹிமின் தங்கச்சி றுகையாவிடம் ஓடினாள். செவ்வாய் வரை தான் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றாள். காளானைக் கருவாடு போட்ட கதை றுகையாவுக்கு ஏற்கனவே தெரியும்.

"மதினி, ஒங்கட கையையும் இஞ்ச வெச்சிட்டுப் போங்களன்" என்றாள்.

திரும்பி வந்து காளானைத் துணியில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். அன்று முதல் வீட்டில் உப்பில்லை. இப்றாஹிம் கொண்டுவந்த மீனையெல்லாம் ஹாஜறா உப்பிடச் சொல்லி றுகையா வீட்டுக்கு அனுப்பினாள். சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்புக்குப் பதில் தேசிக்காய் பிழிந்து வைத்தாள். முதல் நாள், அவள் உப்புப் போட மறந்துவிட்டாள் என்று இப்றாஹிம் நினைத்தான். மறுநாள் தன் நாக்கில்தான் பிழையோ என்று நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தான். காரணம் தெரிந்தபிறகு, தங்கச்சியிடம் கெஞ்சி வாங்கிச் சாறன் மடியில் ஒரு பிடி உப்பைக் கட்டிக்கொண்டு வந்தான். ஹாஜறா படலையிலேயே மறித்து மடியை அவிழ்த்துக் கொட்டினாள். பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை தங்கேஸ்வரி துணியை அவிழ்த்தார். காளான் காய்ந்து, காகிதம்போல் கிடந்தது. செவுள் ஒன்றும் குலையவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இந்தக் கரையில் வேறு யாரும் இதைக் கொண்டுவரவில்லை என்றார். பையிலிருந்து சீட்டை எடுத்து, சேகரித்தவர் ஹாஜறா, கல்முனைக்குடி என்று எழுதினார். எழுத்துத் தெரியாத ஹாஜறா, எது தன் பெயர் என்று கேட்டு, அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.

கதவோரம் நின்ற இப்றாஹிம் செருமினான்.

"மிஸ், உப்பில்லாமச் சோறு திண்டவன்ட பேரையும் ஒரு ஓரத்தில போட ஏலாதா?"

தங்கேஸ்வரி சிரித்துக்கொண்டே ஹாஜறாவைப் பார்த்தார்.

"வேணாம் மிஸ்" என்றாள் அவள். "அவர்ர பேருதான் கருவாட்டில இரிக்கே."

பிறகு உப்புச்சட்டி எடுக்கப் போனாள்.