இன்னொரு தடவை

கல்லூரியின் நாடகத் துறை தரும் உதவித்தொகை கிடைத்தால் டெஸ்ஸாவுக்குப் படிப்பு. கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் அம்மாவோடு பன்றிக்கறி ஆலை. மூன்றாவது வழி அந்த வீட்டில் இல்லை. இருப்பதாக யாரும் பேசியதும் இல்லை.

அம்மா ரோண்டா அந்த ஆலையில் எலும்பெடுக்கும் வரிசையில் நிற்பவள். காலையில் எழுந்தால் அவள் விரல்கள் மடங்காது. பாத்திரத்து வெந்நீரில் கைகளை முக்கிக்கொண்டு சமையலறையில் நிற்பாள். காப்பிக் கோப்பையை மகள்தான் வாயருகே பிடிக்க வேண்டும். பிடித்தபடியே டெஸ்ஸா வசனத்தை ஒப்பிப்பாள். ரோண்டா ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "ஒரு வரிய முழுங்கிட்ட" என்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் முழுதும் பாடமாகியிருந்தது.

ஓடிப்போன புருஷன் பல வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். பெண்டாட்டி அவனிடம் பேசுகிறாள். அதுதான் டெஸ்ஸா நடிப்புத் தேர்வுக்கு எடுத்துக்கொண்ட பகுதி.

"இவ எதுக்கு இவ்வளவு பேசுறா? கதவ அறைஞ்சு சாத்த வேண்டியதுதானே" என்றாள் ரோண்டா.

"சாத்திட்டா நாடகம் முடிஞ்சிரும்மா."

"நல்லதுதான். எல்லாரும் நேரத்தோட வீட்டுக்குப் போலாம்."

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. தேர்வு ஒமாஹா நகரத்தில் ஒரு ஹோட்டலில். தன் ஷிப்டை இன்னொருத்திக்கு மாற்றிவிட்டு ரோண்டா காரை எடுத்தாள். காரில் ஹீட்டர் அவள் பக்கம் மட்டும் வேலை செய்தது. அதனால் தன் கோட்டையும் மகள் மடியில் போட்டாள்.

"அம்மா, அங்க வந்து யார்கிட்டயும் சண்டைக்குப் போகாத."

"நான் எப்படி சண்டைக்குப் போனேன்?"

"பள்ளிக்கூடத்துல டிராமா சார்கிட்ட போனியே."

"உனக்கு மரம் வேஷம் குடுத்தான். மரம் நிக்கிறதுக்கு எதுக்குய்யா ராத்திரி வரைக்கும் ஒத்திகைன்னு கேட்டேன். அது சண்டையா?"

ஹோட்டல் நடைபாதை முழுக்கப் பிள்ளைகள். சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தரையில் மல்லாந்து படுத்து 'ஆ… ஊ…' என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு வலிப்பா?" என்றாள் ரோண்டா.

"குரல் பழக்குறாம்மா. மெதுவாப் பேசு."

"ஆலையில ஒரு நாள் நின்னு கத்தச் சொல்லு. குரல் தானா வரும்."

பக்கத்து நாற்காலியில் மாரிஸ் என்ற பெண்ணும் அவள் தாயார் கேண்டஸும் இருந்தார்கள். மாரிஸ் கொண்டை ஊசி கடன் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளும் டெஸ்ஸாவும் படம் எடுத்து, போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

"எங்களுக்கு இது ஆறாவது காலேஜ்" என்றாள் கேண்டஸ். "உங்களுக்கு?"

"இது ஒண்ணுதான். ஆறு தடவை லீவு கேட்டா என்னைய ஒரேயடியா லீவுல அனுப்பிருவான்."

மாரிஸை உள்ளே கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வந்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" கேண்டஸ் எழுந்தே விட்டாள்.

"அருமை, ரொம்ப நன்றின்னாங்க."

கேண்டஸ் கண்ணை மூடித் திறந்தாள். மாரிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடினாள்.

"ஏம்மா, பிள்ளைய அருமைன்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு ஏன் அழுவுது?" என்றாள் ரோண்டா.

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு கேண்டஸ் மகள் பின்னால் போனாள்.

"பாத்தியா?" ரோண்டா மகள் காதில் சொன்னாள். "பாராட்டினாக்கூட அழுவுதுங்க. வசதியான வீட்டுப் பிள்ளைங்க."

அடுத்தது டெஸ்ஸா.

உள்ளே நீள மேசை, பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு பெண்மணி. டெஸ்ஸா பெயரைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு அந்த அறை அவளுக்கு ஞாபகமில்லை. வாசலில் நிற்பவனைப் பார்த்துப் பேசினாள். அவள் அப்பா அப்படித் திரும்பி வந்து நின்றதில்லை. வந்திருந்தால் எங்கே நின்றிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தைப் பார்த்தே பேசினாள். பேசி முடித்தாள்.

"இன்னொரு தடவை பண்றியா?" என்றாள் நரைத்தலைப் பெண்மணி. "இந்தத் தடவை கோபமே வேண்டாம். அவன் வந்து நிக்கிறது உனக்குச் சிரிப்பா இருக்கு."

டெஸ்ஸாவுக்கு முகம் சூடாகிவிட்டது. போன கோடையில் அவளும் ஆலையில் பொட்டலம் கட்டப் போனவள். அங்கே எலும்பெடுக்கும் வரிசையில் 'இன்னொரு தடவை' என்றால் எலும்புச் சில்லோடு இறைச்சித் தட்டு திரும்பி வந்திருக்கிறது, வரிசையே உன்னைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிசகில்லாமல் செய்ய வேண்டும். மூன்றாம் தட்டும் திரும்பினால் சூப்பர்வைசர் கத்தமாட்டான். கத்தியைக் கொடு என்று கையை நீட்டுவான். அத்தோடு வேலை போயிற்று.

"மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"எதுக்கு மன்னிப்பு? பண்ணு."

சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தாள். ஒரு சொல் தவறாமல் சொன்னாள். அந்தப் பெண்மணி மேசைமேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள்.

"சரியா வரணும்னு பாக்காத. இன்னொரு தடவை. தரையில உக்காந்துக்க. அவன் உன் சமையல்கட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான்."

மூன்றாவது தடவை. என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முடிந்தபோது அந்தப் பெண்மணி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டுவோம். பேர் இருக்கறவங்க திரும்ப உள்ள வரணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதை எல்லோரிடமும்தான் சொன்னார்.

வெளியே ரோண்டா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி?"

"மூணு தடவை பண்ணச் சொன்னாங்கம்மா."

"மூணா?"

டெஸ்ஸா தலையாட்டினாள். ரோண்டா எதுவும் கேட்கவில்லை. கோட்டை எடுத்தாள்.

"நாலு மணிக்குப் பட்டியல்…"

"இத்தனை பேர் நடுவுல நின்னு உன் பேர் இல்லாத தாளப் படிக்கணுமா? வெளிய போன்னு ஒருத்தன் சொல்ற வரைக்கும் நாம நிக்கக் கூடாது கண்ணு. வா. தலைய நிமித்திக்கிட்டு நட."

"கிளம்பிட்டீங்களா?" என்றாள் மாரிஸ், வீங்கிய கண்ணோடு.

"பனி கொட்டப்போகுதாம்" என்றாள் ரோண்டா. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

வழியில் ரோண்டா, "பொட்டலம் கட்டுற பக்கமே கேட்டு வாங்கித் தர்றேன். கத்தி பிடிக்க வேண்டாம்" என்றாள். டெஸ்ஸா சரி என்றாள்.

பாதி தூரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். தேர்வுக்காக அணைத்த போனை டெஸ்ஸா அங்கேதான் திறந்தாள். மாரிஸிடமிருந்து வரிசையாக வந்து விழுந்தது.

'பட்டியல் வந்துருச்சு. உன் பேர் முதல்ல இருக்கு!'

'எங்க இருக்க?'

'உள்ள கூப்பிடுறாங்க டெஸ்ஸா.'

'நரைமுடி மேடம் அவங்களே வெளிய வந்து உன்னத் தேடினாங்க.'

'மூணு தடவை கேட்டதுக்கா போயிட்ட? லூசு, பிடிச்சாத்தான் திரும்பப் பண்ணச் சொல்லுவாங்க. என்னை ஒரு தடவையோட அனுப்பிட்டாங்க பாத்தல்ல.'

ரோண்டா இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்தாள். மகள் போனை நீட்டினாள். ரோண்டா கோப்பைகளைக் கார் கூரைமேல் வைத்துவிட்டுப் படித்தாள். மேலே தள்ளி மறுபடி படித்தாள்.

"ஏறு" என்றாள்.

"முடிஞ்சிருக்கும்மா."

"ஏறுடி!"

காப்பிக் கோப்பைகள் கூரையிலிருந்து சாலையில் விழுந்து சிதறின. அவள் காரை வந்த வழியே திருப்பினாள்.

ஹோட்டலில் தேர்வு நடந்த அறையில் கல்யாண விருந்துக்கு மேசைவிரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நரைத்தலைப் பெண்மணி உணவுக்கூடத்தில் தனியாக சூப் குடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி காலடியில் இருந்தது. டெஸ்ஸாவைப் பார்த்ததும் கரண்டியை வைத்தாள்.

"தப்பு என்னுது" என்றாள் ரோண்டா. "பிள்ளை நிக்கிறேன்னுதான் சொல்லுச்சு. நான்தான் இழுத்துட்டுப் போனேன். இப்பப் பண்ணச் சொல்லுங்க. இங்கயே பண்ணுவா. பத்துத் தடவை சொல்லுங்க, பத்துத் தடவையும் பண்ணுவா."

"உக்காருங்க."

"உக்கார வரல."

"ரெண்டே இடம்தாங்க. திரும்ப உள்ள வந்தவங்கள்ல ரெண்டு பேருக்குக் குடுத்தாச்சு. அவங்ககிட்டச் சொல்லியும் ஆச்சு. என்னால முடிஞ்ச வரைக்கும் காத்திருந்தேன்." டெஸ்ஸாவைப் பார்த்தாள். "உன்ன அனுப்ப மனசு வரல. அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் ரோண்டா.

"பட்டியலுக்கு முன்னாடி யார்கிட்டயும் எதுவும் சொல்லக் கூடாது. அது எங்க வழக்கம். வர்ற பிள்ளைங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"இவளுக்கு யாருங்க சொல்லியிருப்பா?"

அந்தப் பெண்மணி சூப் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். சூப்பில் ஆடை படிந்தது. பிறகு, கட்டணம் கட்டி முதல் வருஷம் சேர்ந்தால் பிற்பாடு வேறு ஏதாவது உதவிக்கு எழுதிப் போடலாம் என்று மெல்லச் சொன்னாள். முதல் வருஷத்துக்கே வழியில்லாமல்தான் வந்திருக்கிறார்கள் என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ரோண்டா நகரவில்லை. ஆலையில் ஒருத்தனிடமும் தாழாத குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பாருங்கம்மா" என்றாள்.

"என் கையில இல்லைங்க."

"வாம்மா" என்று டெஸ்ஸா அவள் கையைப் பிடித்தாள். "நன்றி மேடம்."

காரில் ஏறி உட்கார்ந்தார்கள். ரோண்டா சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கல்யாண வீட்டுக்காரர்கள் பூக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி" என்றாள் ரோண்டா. "உள்ள நீ எப்படிப் பண்ணின?"

இத்தனை நேரத்தில் அவள் அதை இப்போதுதான் கேட்டாள்.

"நல்லாப் பண்ணினேன்."

"உனக்கே தெரிஞ்சுதா?"

"முதல் தடவையிலேயே தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி எப்பவும் அப்படி வந்ததில்ல."

"அப்புறம் ஏன் நான் வான்னு சொன்னதும் வந்த? நான் வரமாட்டேன், நீ போன்னு சொல்லியிருக்கலாமில்ல? என் வாய்க்கு வாய் பேசுறவதானே நீ?"

டெஸ்ஸா யோசித்தாள். அம்மாவை நோகடிக்காத பதில் ஒன்று வேண்டும். அவளுக்குக் கிடைக்கவில்லை.

"வேலை விஷயத்துல நீ சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேம்மா" என்றாள்.

ரோண்டா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. டெஸ்ஸா மடியிலிருந்த அம்மாவின் கோட்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டாள்.