தானாக உண்டான வீடு

என் வீட்டுக்காரர் கண்ணையாவுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். யார் எதைக் கேட்டாலும் ஆமாங்க, ஆகட்டுங்க, எடுத்துக்குங்க. எங்கள் பக்கம் மரியாதை கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வீட்டைச் சுற்றியிருக்கிற பூமியையே ஒரு மனுஷன் தூக்கிக் கொடுப்பாரா? கொடுத்தார்.

கோயமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். மண் செக்கச்செவேல் என்று இருக்கும், செங்கலுக்கென்றே பிறந்த மண். பக்கத்துச் சூளைக்காரர் வந்து, ஓரத்தில் கொஞ்சம் மண் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். இவர் எடுத்துக்குங்க என்றார். பொக்லைன் வந்தது, டிப்பர் லாரிகள் வந்தன. பொக்லைன் ஓட்டுகிறவர் சாயங்காலமானால் இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுங்களா என்பார். இவர் டீயையும் கொடுத்து, எடுத்துக்குங்க என்பார். நான் கத்தினால், வீடு தேடி வந்து கேட்கிறவரை எப்படி அம்மணி வேண்டாங்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

கடைசியில் சுற்றிலும் தென்னை மர உயரத்துக்குப் பள்ளம். நடுவில் செம்மண் குன்று ஒன்று. அதன் உச்சியில் எங்கள் வீடு. ஏறி இறங்க ஒரு மூங்கில் ஏணி. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கயிறு கட்டித் தூக்கியது யார்? நான்தான்.

அந்த வீட்டைக் கட்டியதும் நான்தான். கொத்தனார் அஸ்திவாரம் போட்ட கையோடு வேறு வேலைக்கு ஓடிவிட்டார். இந்த மண்ணில் சுட்ட செங்கலைத் தலையில் சுமந்து, கலவை குழைத்து, ரசமட்டம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, கூரை வரைக்கும் எழுப்பினேன். 'பங்காரம்மா கட்டுன ஊடு' என்றுதான் ஊரில் சொல்வார்கள். சுற்றியிருந்த நிலம் போனதற்கு எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் வீடு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரிலிருந்து ஒருவர் பெண்டாட்டியோடு பைக்கில் வந்தார். குன்றைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். இவரைப் பார்த்து, இது இயற்கையாக உண்டான மலைதானே என்று கேட்டார். வந்தவரை எதிர்த்துப் பேசலாமா? இவர் ஆமாங்க என்றுவிட்டார்.

அடுத்த ஞாயிறு கார்கள் வந்தன. மின்கம்பத்துக்காக வெட்டாமல் விட்ட மண் தூணுக்குத் தவசித் தூண் என்று பெயர் வைத்தார்கள். லாரி ஏற விட்ட சரிவு யானைச் சறுக்கு ஆனது. மக்காச்சோளம் சுட்டு விற்கிறவர் வந்தார், பஞ்சுமிட்டாய்க்காரர் வந்தார். மாலை வெயில் பட்டால் அந்த இடமே குங்குமம் கொட்டினது போல அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பாத்திரம் கழுவுவதையும் சேர்த்துப் படம் எடுத்தால் கோபம் வராதா?

அப்புறம்தான் யஷ்வந்த் வந்தார். மண்ணையும் பாறையையும் படித்த சின்ன அதிகாரி, கோபிசெட்டிபாளையத்துப் பையன். குன்றின் பக்கவாட்டில் இருந்த கோடுகளைத் தடவித் தடவிப் பார்த்து, பத்தாயிரம் வருஷமாகக் காற்று செதுக்கியது என்றார். பொக்லைன் பல் பட்ட தடம் தம்பி என்றேன். குழந்தை ஏதோ உளறுகிறது என்பது போலச் சிரித்தார். இந்தக் குன்றை இயற்கைச் சின்னமாக அறிவிக்கப் போகிறார்களாம். அறிவித்துவிட்டால் அதன்மேல் யாரும் குடியிருக்கக் கூடாதாம். ஆகவே உச்சியில் இருக்கிற வீடு ஆக்கிரமிப்பு, இடித்தாக வேண்டும்.

இடிக்க வேண்டாம் தம்பி என்று யஷ்வந்திடம் மன்றாடினேன். நிலத்தின் சொந்தக்காரர் வாயால் ஒரு வார்த்தை, இது மனுஷன் வெட்டியது என்று சொன்னால் போதும், எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்றார். இவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். 'இல்லைங்க, பொக்லைன் வெட்டுனதுங்க.' அவ்வளவுதான். எருமைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார், பிசகாமல் வந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார்.

மறுநாள் யஷ்வந்த் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்று, "ஏனுங்க, இது இயற்கைதானுங்களே?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். அந்தப் பையனின் வேர்த்த முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க."

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் பேசுகிற தெலுங்கிலும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டேன். இவர் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வீட்டை இடிக்க வந்தவனே ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. யஷ்வந்தை மேலே வரச் சொன்னேன். ஏணியில் ஏறி வந்து, அரிசிம்பருப்புச் சாதத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நெய் ஊற்றிக்கொண்டே, இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை தம்பி என்றேன். பையன் தட்டை நகர்த்தி வைத்தார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கலைச் சுரண்டினார். வெளியே போய்க் குன்றைச் சுரண்டினார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மண்ணுங்க. அப்படீன்னா ஊடும் மலையோட சேர்ந்து தானா உண்டானதுதானுங்க. தானா உண்டானது ஆக்கிரமிப்பு ஆகாதுங்க."

ஜன்னல் இருக்கிறதே என்றேன். காற்று குடைந்த துவாரம் என்றார். கதவு? அறிவிப்பு நாளில் மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள் என்றார். அடுப்பு? அதற்கு யோசித்து, எரிமலைத் தடயம் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். உள்ளே குடியிருக்கிற நாங்கள் இரண்டு பேரும் என்ன என்று நான் கேட்கவில்லை. வீடு நின்றால் சரி. ஆனால் தலையில் சுமந்த ஒவ்வொரு செங்கலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது.

அறிவிப்பு நாளில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டினார்கள். பெரிய அதிகாரி பிரத்யுஷா மேடம் ஏணியேறி மேலே வந்தார். பின்னாலேயே யஷ்வந்த். காலையிலேயே இவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இன்றைக்கு நீங்கள் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம், ஆயுசு முழுக்கச் சொல்கிற அதே ஆமாங்கவைச் சொன்னால் போதும், வீடு நமக்கு.

மேடம் தெற்குச் சுவரைத் தடவினார். நடுவில் லேசாகத் தொப்பை போட்ட சுவர் அது. இயற்கை எவ்வளவு நளினமாக வளைத்திருக்கிறது பாருங்கள் என்று கூட வந்தவர்களிடம் காட்டினார். என் மகன் நவநீத் வயிற்றில் இருந்தபோது, குனிய முடியாமல் பக்கவாட்டில் நின்று வைத்த வரிசைகள் அவை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேடம் இவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க பெரியவரே, இந்த ஊடும் தானா உண்டானதுதானுங்களே?"

இவர் மேடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆமாங்க என்று நானே உதட்டை அசைத்துக் காட்டினேன்.

"இல்லைங்க," என்றார். "இது எம்பட ஊட்டுக்காரி கட்டுனதுங்க. நெறமாசத்துல செங்கல் செமந்து கட்டுனதுங்க."

யஷ்வந்துக்குப் புரையேறியது. எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. வீடு போயிற்று என்று தெரிந்தது. அந்த மனுஷனை நாலு போடு போட வேண்டும் போலவும் இருந்தது, எல்லோர் முன்னாலும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கதவு இல்லாத வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மேடத்துக்கோ ஒரே சந்தோஷம். இயற்கைச் சின்னம் என்றால் இப்படி ஒரு ஐதீகம் இருந்தால்தான் களை கட்டும் என்றாராம். கர்ப்பிணி ஒருத்தி கட்டியதாக உள்ளூர் நம்பிக்கை என்று பலகையில் எழுதிவிடச் சொல்லிவிட்டு, வீடு தானாக உண்டானதுதான் என்று கீழே போய் மைக்கில் அறிவித்துவிட்டார். இதெல்லாம் யஷ்வந்த் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் இவர் கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். நான் கீழ்ப்பக்கம் தாங்கிப் பிடித்தேன். மேடம் நம்பியிருந்தால் ஊடு போயிருக்குமே, அப்போ என்ன பண்ணியிருப்பீங்க என்று கேட்டேன்.

திருப்புளியை நிறுத்தாமல் சொன்னார்: "ஊடு போனா நீ இன்னொன்னு கட்டிப்போடுவ அம்மணி. நீ கட்டலைன்னு நா எப்படிச் சொல்றது?"